ஐந்தில் வைத்தும் ஆடி அசைந்து ஓடும் ஃபேன்

யாங்கோன் தாம்வேயில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: 'எங்கள் ஹாலில் 56 அங்குல சீலிங் ஃபேன், வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தாலும் மெதுவாகத்தான் சுற்றுகிறது. கீழே பாய் போட்டுப் படுக்கும் அம்மாவுக்குக் காற்றே வருவதில்லை. போன மாதம் கடைக்காரர் ஒருவர் கண்டென்சர் மாற்றினார். 2.5 எம்.எஃப்.டி. (கண்டென்சரின் அளவு) இருந்த இடத்தில் 4 போட்டார். இரண்டு நாள் பரவாயில்லை, அப்புறம் பழைய கதைதான். இப்போது மோட்டாரும் கொதிக்கிறது. நடு ராத்திரிக்கு மேல் மட்டும் கொஞ்சம் வேகம் எடுக்கிறது. பேசாமல் புதிது வாங்கிவிடலாமா?'

தம்பி, காசை இப்போதே கொடுத்துவிடாதீர்கள். போகிற போக்கில் எழுதினீர்களே, 'நடு ராத்திரிக்கு மேல் வேகம் எடுக்கிறது' என்று, எனக்கு அதுதான் பெரிய துப்பு. பேரிங் தேய்ந்த ஃபேனுக்கு இரவு பகல் தெரியாது. இறக்கை வளைந்த ஃபேனுக்கும் தெரியாது. கடிகாரம் பார்த்து ஓடுகிற ஃபேன் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கரெண்டை. நான் முப்பது வருஷத்துக்கு மேலாக யாங்கோனில் மோட்டார் வைண்டிங், அதாவது மோட்டாருக்குள் கம்பி சுற்றும் வேலை, செய்கிறவன். 'போய்விட்டது' என்று பட்டறைக்குத் தூக்கி வரும் ஃபேன்களில் எத்தனையோ, என் மேசையில் சரியான 230 வோல்ட் கொடுத்ததும் ராஜா மாதிரி ஓடும். கொண்டு வந்தவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மூன்று மாடி இறக்கி, டிரிஷா என்கிற மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் வைத்துக் கொண்டு வந்திருப்பார்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். 'மெதுவாகச் சுற்றுகிறது' என்பது ஒரு குறை. 'காற்று வரவில்லை' என்பது வேறொரு குறை. இரண்டும் சேர்ந்தும் வரும், தனித்தனியாகவும் வரும். நன்றாகச் சுற்றியும் காற்று வராத ஃபேனுக்குக் கண்டென்சர் மாற்றிப் பயனில்லை. உங்கள் ஃபேன் உண்மையிலேயே மெதுவா என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. 56 அங்குல ஃபேன், 48 அங்குலத்தைவிட இயல்பாகவே நிதானமாகத்தான் ஓடும். 48 அங்குலம் நிமிஷத்துக்கு 350, 400 சுற்று ஓடுகிற இடத்தில், 56 அங்குலம் 300 சுற்று பக்கம் ஓடினாலே சரியான வேகம்தான். ஓர் இறக்கையின் அடியில் சிவப்பு டேப் ஒட்டுங்கள். செல்போனில் ஸ்லோ மோஷன் வைத்துப் பத்து வினாடி படம் பிடித்து, அந்தச் சிவப்பு எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி ஆறால் பெருக்குங்கள். 280க்கு மேல் வந்தால் உங்கள் ஃபேன் மெதுவே இல்லை. இருநூறுக்குப் பக்கத்தில் வந்தால் நீங்கள் சொல்வது சரி.

இனி கரெண்டு. நம் ஊரில் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வருவது என்ன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இந்த நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு ஆற்று நீரிலிருந்து வருவது. 1960இல் ஓடத் தொடங்கிய லோபித்தா நீர்மின் நிலையம் இன்றும் அந்தக் கணக்கில் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் அணைகளில் நீர் இறங்கும். திஞ்சான் தண்ணீர் விழா சமயத்தில் வெயிலும் உச்சத்துக்குப் போகும். தேவை கூடுகிற மாதத்தில்தான் வரத்து குறைகிறது. அது போதாதென்று இப்போது முறை வைத்து மணிக்கணக்கில் நிறுத்துகிறார்கள். தெருவில் பிள்ளைகள் 'மீ லாபீ!' (கரெண்டு வந்துவிட்டது!) என்று கத்தியதும் என்ன நடக்கிறது? கட்டடம் முழுக்க ஒரே நேரத்தில் தண்ணீர் மோட்டாரைப் போடுகிறோம். ரைஸ் குக்கர், இஸ்திரி, ஏசி, பேட்டரி சார்ஜர் எல்லாம் ஒன்றாக ஏறுகின்றன. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் பாவம் எவ்வளவு தாங்கும்? எல்லோரும் தூங்கப் போன பிறகு வோல்டேஜ் எழும்புகிறது. உங்கள் ஃபேன் நடு ராத்திரியில் உயிர் பெறுகிற ரகசியம் அதுதான்.

வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தால் வேகமும் கொஞ்சம்தானே குறையும் என்று நினைப்பார்கள். கணக்கு அப்படி வருவதில்லை. சீலிங் ஃபேன் மோட்டாரின் முறுக்கு விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வர வேண்டிய இடத்தில் 170 வந்தால் போனது வோல்டேஜில் கால் பங்குதான், ஆனால் இறக்கையைத் திருப்பும் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அந்தப் பாதி பலத்தை வைத்துக்கொண்டு அதே இறக்கையை, அதே காற்றில் தள்ளப் பார்க்கிறது. முடியாமல் பின்தங்குகிறது, பின்தங்கிய மோட்டார் சூடாகிறது.

ஊகம் போதாது, அளக்க வேண்டும். மல்டிமீட்டர் இல்லையென்றால், பிளக்கில் நேரே செருகுகிற சின்ன வோல்ட் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. மாலை ஏழரை மணிக்கு ஒரு தடவை, இரவு ஒரு மணிக்கு ஒரு தடவை அளந்து தாளில் குறியுங்கள். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது, முடிந்தால் குக்கரும் எரியும்போது அளக்க வேண்டும். சும்மா இருக்கிற வயரில் அளந்தால் நல்ல எண்தான் காட்டும், பாரம் ஏறினால்தான் வயரின் குணம் தெரியும். அப்புறம் இன்னொரு வேலை, இது எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்ய வேண்டியது: படிக்கட்டடியில் இருக்கும் மீட்டர் பலகையில் ஒரு எண், உங்கள் ஃபேன் தொங்கும் இடத்தில் ஒரு எண், இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு வோல்ட் வித்தியாசம் இருக்கலாம். இருபது, முப்பது இருந்தால் திருடன் உங்கள் வீட்டு வயரில்தான் இருக்கிறான்.

அப்படி ஒரு திருடனை நான் இதே யாங்கோனில், பசுண்டவுங்கில் பிடித்தேன். ஒரு அக்கா, கணவர் இல்லை, மாடிவீட்டில் தையல் வேலை. இரண்டு வருஷத்தில் இரண்டு ஃபேன் மாற்றிவிட்டார், மூன்றாவதும் முனகிக்கொண்டு ஓடுகிறது. மீட்டர் பலகையில் 212 வோல்ட் இருந்தது. ஃபேன் முனையில், குக்கர் எரியும்போது, 171. வயரைத் தொட்டுக்கொண்டே வந்தேன். கதவு நிலைக்கு மேலே ஓர் இணைப்பு. வெளியிலிருந்து வந்த அலுமினியக் கம்பியை உள்ளே போகும் செம்புக் கம்பியோடு வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப் அப்பளம் மாதிரி காய்ந்து பழுப்பேறியிருந்தது. நகத்தால் தட்டியதும் உதிர்ந்தது. உள்ளே செம்பின் மேல் பச்சை, அலுமினியத்தின் மேல் வெள்ளை மாவு. இந்த இரண்டு உலோகமும் நேருக்கு நேர் தொட்டு, நம் ஊர் மழைக்கால ஈரமும் பட்டால் அரித்துவிடும். அரித்த இடம் தடையாகும், தடை சூடாகும், சூட்டில் இன்னும் அரிக்கும். இரண்டுக்கும் பொருந்துகிற கனெக்டர் ஒன்று போட்டு இறுக்கினேன். பழைய ஃபேன் ஒன்றை அந்த அக்கா கட்டிலடியில் வைத்திருந்தார். மாட்டிப் பார்த்தோம், பறந்தது. தீப்பிடிக்காமல் இருந்ததே என்றுதான் எனக்குத் தோன்றியது. கரெண்டு திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பியில் இப்படி லூஸ் இருந்தாலும் இதே கூத்துதான். அதைப் பலர் பார்ப்பதே இல்லை, கரெண்டு வரும் கம்பியான பேஸில் கரெண்டு வருகிறதா என்று டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். டெஸ்டர் பல்புக்கு 100 வோல்ட்டும் ஒன்றுதான், 230ம் ஒன்றுதான்.

மீட்டர் பலகையிலேயே 170, 180தான் வருகிறது என்றால் அது தெருவின் பிரச்சினை. அப்போது நம் ஆட்கள் உடனே வாங்குவது வோல்டேஜ் ஏற்றும் பெட்டி. வாங்கலாம், தப்பில்லை. ஆனால் கையால் குமிழ் திருப்புகிற பழைய ரகத்தைத் தயவுசெய்து வீட்டுக்குள் விடாதீர்கள். மாலையில் 160 வருகிறது என்று குமிழை மேலே ஏற்றி வைத்து 220 ஆக்கிக்கொள்வீர்கள். அப்படியே தூங்கிவிடுவீர்கள். ஒரு மணிக்கு லைன் 225க்கு ஏறினால் பெட்டி வெளியே தருவது 300ஐத் தாண்டும். ஃபேன் மட்டும் இல்லை, டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே ராத்திரியில் போன வீடுகள் எனக்குத் தெரியும். தானாக ஏற்றி இறக்கி, வரம்பு மீறினால் வெட்டிவிடுகிற ரகமே வாங்குங்கள். ஒரு ஃபேனுக்காக மட்டும் என்றால் பெரிய பெட்டி வேண்டியதில்லை, வீட்டுக்கு மொத்தமாக என்றால்தான் ஏசி, தண்ணீர் மோட்டாரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் மெதுவாகி 'ம்ம்ம்' என்று இரைந்தால் அது வேறு. மலிவான இன்வெர்ட்டர்கள் தருகிற கரெண்டு அலை அலையாக வருவதில்லை, படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டி வரும். விளக்குக்கும் செல்போனுக்கும் அது போதும். ஃபேன் மோட்டாருக்கு ஒத்துக்கொள்ளாது. இரையும், சூடேறும், வேகமும் கொஞ்சம் குறையும். ஃபேனில் கோளாறு ஒன்றும் இல்லை. அலை அலையாகவே தருகிற சைன் வேவ் இன்வெர்ட்டரில் அதே ஃபேன் அமைதியாக ஓடும். சின்ன ஜெனரேட்டரில் இன்னொரு சங்கதி உண்டு. எஞ்சின் வேகம் இறங்கினால் 50 ஹெர்ட்ஸ் 45 ஆகிவிடும். இந்த மோட்டார்கள் ஹெர்ட்ஸைப் பார்த்து ஓடுகிறவை, பத்தில் ஒரு பங்கு வேகம் அங்கேயே போய்விடும். மீட்டரில் வோல்டேஜ் சரியாகவே காட்டிக்கொண்டிருக்கும், ஆளைக் குழப்பும்.

சரி, உங்கள் கண்டென்சருக்கு வருகிறேன். அந்தக் கடைக்காரர் செய்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை.

சீலிங் ஃபேன் மோட்டாருக்குள் இரண்டு காயில்கள். ஒன்று நேராகக் கரெண்டு வாங்கும். மற்றொன்று கண்டென்சர் வழியாக வாங்கும். கண்டென்சர் அந்தக் கரெண்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவிடுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் இழுத்தால் கிணற்று ராட்டினம் அசையாது, கை மாற்றி மாற்றி இழுக்க வேண்டும் அல்லவா? அந்த மாற்றி இழுக்கிற காரியத்தைத்தான் கண்டென்சர் பார்த்துக்கொள்கிறது. ஃபேன் ஓடுகிற வரை அது வேலையிலேயே இருக்கும், தொடங்கி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளாது. உள்ளே இருப்பது உலோகம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுருள். வோல்டேஜ் குதிக்கும்போதெல்லாம் அதில் ஊசிமுனை அளவு பொத்தல் விழும். பொத்தலைச் சுற்றியுள்ள பூச்சு ஆவியாகி அந்த இடம் தானே அடைபடும். சாமர்த்தியமான ஏற்பாடுதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பரப்பு குறைகிறது. 2.5 எம்.எஃப்.டி. 2 ஆகி, 1.5 ஆகி இறங்கும். ஃபேன் சட்டென்று நிற்காது, வருஷக்கணக்கில் கிழவன் மாதிரி தளரும். அதனால்தான் ஐந்தாறு வருஷமான ஃபேன் மெதுவாகிவிட்டது என்றால் எல்லோரும் முதலில் கண்டென்சரைச் சொல்கிறார்கள். நல்ல கரெண்டு வருகிற ஊரில் அது சரியான பேச்சு. இங்கே அது இரண்டாவது கேள்வி.

மீட்டரில் எம்.எஃப்.டி. அளக்கும் வசதி இருந்தால் கழற்றி அளந்துவிடலாம். 2.5 என்று போட்டிருப்பது 2.4, 2.6 காட்டினால் நல்லது, 2க்குக் கீழே போனால் தூக்கிப் போடுங்கள். அளக்குமுன், மெயினை நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட திருப்புளியால் அதன் இரண்டு முனையையும் ஒரு தடவை தொட்டுவிடுங்கள். உள்ளே தங்கிய கரெண்டு 'டப்' என்று போகும். மறந்தால் உங்கள் விரலில் போகும், ஏணி மேல் நிற்கும்போது அது நல்ல சமயம் இல்லை. மீட்டர் இல்லாதவர்கள் செய்து பார்க்க ஒரு வழி: சுவிட்சைப் போட்டதும் ஃபேன் நகராமல் முனகினால், ஒட்டடைக் கம்பால் இறக்கையை லேசாக ஒரு பக்கம் தள்ளுங்கள். தள்ளிய பக்கம் ஓடும். நிறுத்தி மறு பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் ஓடும். இரண்டு பக்கமும் ஓடினால் கண்டென்சர் அடியோடு செத்துவிட்டது என்று அர்த்தம்.

2.5க்குப் பதில் 4 போட்டது ஏன் தப்பு? இரண்டாவது காயில் 2.5க்கு என்று கணக்குப் போட்டுச் சுற்றியது. 4 போட்டால் அதில் தேவைக்கு மேல் கரெண்டு ஓடும். முதலில் கொஞ்சம் வேகம் எடுத்த மாதிரி இருக்கும், நீங்கள் சொன்ன 'இரண்டு நாள் பரவாயில்லை' அதுதான். அப்புறம் காயில் சூடேறிக்கொண்டே போகும், கம்பிமேல் பூசிய வார்னிஷ் கருகும், சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும். கரிந்த வாசனை வந்துவிட்டால் அதற்கு மேல் என் மாதிரி ஆளிடம்தான் வர வேண்டும். ஆகவே இன்றே அந்த 4ஐக் கழற்றுங்கள். பழைய கண்டென்சர் மேல் என்ன எழுதியிருந்ததோ அதே எம்.எஃப்.டி., 400 வோல்ட்டுக்குக் குறையாதது, 440 என்று போட்டிருந்தால் நல்லது. கடையில் எடுத்துக் கையில் பிடித்துப் பாருங்கள். மேலே ஒட்டிய தாள் கையோடு உரிந்து வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். மூன்று வயரில் எது எங்கே இருந்தது என்று கழற்றுமுன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிக் கொடுத்தால் ஃபேன் பின்பக்கமாகச் சுற்றும், காற்று முழுக்கக் கூரைக்குப் போகும். அதையும் 'காற்று வரவில்லை' என்றுதான் கொண்டு வருவார்கள்.

ரெகுலேட்டரில் பெரிய விஷயம் இல்லை. எலக்ட்ரீஷியனை விட்டு அதைத் தாண்டி வயரை நேரே கொடுத்துப் பாருங்கள். ஃபேன் வேகம் எடுத்தால் ரெகுலேட்டர் போய்விட்டது, எடுக்காவிட்டால் அது நிரபராதி. ஒன்று மட்டும்: விளக்கு மங்கவைக்கும் டிம்மரை ஃபேனுக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள் சில வீடுகளில். அதை இன்றே எடுத்துவிடுங்கள்.

பேரிங் பார்ப்பதற்கு மெயினை நிறுத்திவிட்டு ஏணியில் ஏறி, இறக்கையை விரலால் சுண்டிவிடுங்கள். நல்ல பேரிங் சத்தமே இல்லாமல் வெகுநேரம் சுற்றி, நிற்கும்போது தயங்கித் தயங்கி நிற்கும். சில சமயம் நின்றபின் ஒரு விரற்கடை பின்னால்கூட வரும். கெட்ட பேரிங் இரண்டு மூன்று சுற்றில் பிடித்து நிறுத்தின மாதிரி நிற்கும். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் நீளமான திருப்புளியின் நுனியை மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கச் சொல்வார். கையால் மெதுவாகத் திருப்பினால் நல்லது துணி உரசுகிற மாதிரி கேட்கும், கெட்டது அரிசியில் கல் அரைபடுகிற மாதிரி கேட்கும். இதற்கு எண்ணெய் விடுகிறேன் என்று யாரும் வந்தால் விடாதீர்கள். இப்போதைய ஃபேன்களில் இருப்பது இரண்டு பக்கமும் மூடி போட்ட பேரிங், உள்ளே கிரீஸ் வைத்தே வருவது. மேலே விட்ட எண்ணெய் உள்ளே போகாது, போனாலும் இருக்கிற கிரீஸைக் கரைத்துவிடும், ஒரு வாரம் சத்தம் அடங்கும், அப்புறம் முன்பைவிட மோசமாகும். பிரித்து, பேரிங் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண்ணில் மாற்றுவதுதான் வேலை. 6202, 6201 என்று பெரும்பாலும் இருக்கும். மேலும் கீழும் வேறு வேறு எண்ணாக இருக்கலாம், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி, வேகம் சரியாக இருந்தும் காற்று வராத வீடு. பர்மியரும் ஃபேனை 'பங்கா' என்றுதான் சொல்கிறார்கள், இந்தியிலிருந்து வந்த சொல். வெள்ளைக்காரன் காலத்து ரங்கூன் ஆபீஸ்களில் கூரையிலிருந்து துணிப் படுதா தொங்கும், வராந்தாவில் ஒருவன் உட்கார்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பான். அந்தப் பங்காவுக்கும் இந்தப் பங்காவுக்கும் பொதுவான விஷயம் ஒன்றுதான்: இருக்கிற காற்றைத்தான் தள்ளும், குளிர்ந்த காற்றை உண்டாக்காது. தள்ளுவதற்கு மேலே காற்று இருக்க வேண்டும். கூரைக்கும் இறக்கைக்கும் நடுவே ஓர் அடியாவது இடைவெளி வேண்டும். நகர மையத்துப் பழைய கட்டடங்களில் உயரமான கூரையைப் பிரித்து மரத்தில் பரண் மாடி போட்டுக் குடியிருக்கிறோம். பரணுக்கு அடியில் ராடை வெட்டிக் குட்டையாக்கி ஃபேனை ஒட்டி மாட்டுகிறார்கள். இறக்கைக்கு மேலே நாலு விரல் இடம். அது அங்கேயே இருக்கிற காற்றைக் கலக்கிக்கொண்டிருக்கும், கீழே அனுப்பாது. அப்படிப்பட்ட இடத்துக்குச் சீலிங் ஃபேன் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வீண். சுவர் ஃபேன் ஒன்று மாட்டுங்கள்.

இறக்கையையும் பாருங்கள். அதற்கு ஒரு சாய்வு உண்டு, பன்னிரண்டு பதினைந்து டிகிரி. துடைக்கும்போது கையை ஊன்றி, வீடு மாறும்போது அடுக்கி வைத்து, அந்தச் சாய்வு தட்டையாகிவிடும். தட்டையான இறக்கை காற்றை வெட்டிக்கொண்டு போகும், தள்ளாது. மோட்டாருக்குப் பாரமில்லாததால் வேகமாகக்கூடச் சுற்றும்! சுற்றும்போது இறக்கையின் உயரமான விளிம்பு முன்னால் போக வேண்டும். தாழ்ந்த விளிம்பு முன்னால் போனால் தலைகீழாகச் சுற்றுகிறது. முன் விளிம்பில் படிந்த தூசி கரும்பட்டை மாதிரி இருந்தால் ஈரத்துணியால், ஒரு கையை அடியில் தாங்கிக்கொண்டு துடையுங்கள்.

அப்புறம் கொசு வலை. உங்கள் அம்மா வலைக்குள் படுக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. டெங்கு ஊரில் வலை இல்லாமல் படுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் நெருக்கமாக நெய்த நைலான் வலையின் கூரை, மேலிருந்து வரும் காற்றில் பெரும்பகுதியை வெளியிலேயே நிறுத்திவிடும். வலைக்கு வெளியே கையை நீட்டிப் பாருங்கள், உள்ளே வைத்துப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் குற்றம் வலையுடையது. கண் கொஞ்சம் பெரிதான பருத்தி வலை மாற்றலாம், அல்லது கால் பக்கம் சின்ன டேபிள் ஃபேனைப் பக்கவாட்டில் வைக்கலாம். நான் என் வீட்டில் இரண்டாவதைத்தான் செய்திருக்கிறேன்.

புதிது வாங்கலாமா என்று கேட்டீர்கள். கரெண்டும் கண்டென்சரும் பேரிங்கும் பார்த்த பிறகும் ஃபேன் சூடாகி மெதுவாகவே ஓடினால் காயில் பாதி வெந்துவிட்டது என்று அர்த்தம். ரிவைண்டிங் செய்யலாம். என் பிழைப்பே அது, இருந்தும் சொல்கிறேன்: ஆறு வருஷத்து மலிவு ஃபேனுக்கு அந்தச் செலவு செய்யாதீர்கள். மெல்லிய கம்பியில், சுற்று எண்ணிக்கை குறைத்துச் சுற்றிக் கொடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அப்படிச் சுற்றிய ஃபேன் பழையபடி ஓடாது. வாங்குவதென்றால் பி.எல்.டி.சி. ஃபேன் (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் வைத்தது) பாருங்கள். சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கிற இடத்தில் அது 30 வாட் பக்கம்தான் இழுக்கும். உள்ளே இருக்கும் சர்க்கியூட் வோல்டேஜைச் சமன் செய்துகொள்வதால் 170 வோல்ட்டிலும் அதே வேகத்தில் ஓடும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைச் செலவழித்தால் 600 வாட்-மணி. இன்வெர்ட்டர் தின்பது போகப் பழைய ஃபேன் ஆறேழு மணி நேரம் ஓடும், இது பதினாறு மணி நேரம் ஓடும். நமக்கு இப்போது இருக்கிற நிலையில் இந்தக் கணக்குத்தான் முக்கியம். குறை என்றால், அந்த சர்க்கியூட் பலகை போனால் பட்டறையில் எங்களால் சரிசெய்ய முடியாது, பலகையையே மாற்ற வேண்டும். வாங்கும் கடையில் அது தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏணியில் ஏறுகிறவர்களுக்கு ஒரு விஷயம். 'மீ பியெ'தானே, கரெண்டுதான் இல்லையே என்று மெயினை நிறுத்தாமல் கையை வைக்காதீர்கள். எந்த நிமிஷத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் தப்பான இணைப்பு வழியாக உங்கள் வயருக்குள் வருவதும் நடக்கிறது. மெயினை இறக்கி, டெஸ்டரால் பார்த்து, அப்புறம் தொடுங்கள். மேலே போனதும் கொக்கியையும் ராடு போல்ட்டையும் ஆட்டிப் பாருங்கள். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் இங்கேயும் ஃபேன்கள் ஊஞ்சலாடின. அதற்குப் பிறகு கொக்கியைப் பார்க்காத வீடுகள்தான் அதிகம்.

உங்களுக்கு இப்போது வேலை இவ்வளவுதான்: 4ஐக் கழற்றி 2.5 போடுங்கள், சிவப்பு டேப் ஒட்டி எண்ணுங்கள், ஏழரைக்கும் ஒரு மணிக்கும் வோல்ட் எடுங்கள். எண்களை எனக்கு எழுதுங்கள். மாலையில் 200க்கு மேல் இருந்தும் ஃபேன் இருநூறு சுற்றைத் தாண்டவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை நானே வந்து பேரிங்கைப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டில் ஏணி கேட்டு வையுங்கள். நான் கீழே வந்ததும் உங்கள் மாடியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் மணிக்கயிற்றை இழுக்கிறேன், சாமான் மாட்டும் கொக்கியோடு கயிற்றை இறக்கிவிடுங்கள். சாமான் பை கயிற்றில் ஏறட்டும், நான் படியில் மெதுவாக வருகிறேன்.